பால்மரமும் செம்பனையும்: மலேசியத் தமிழ்ப் புனைவு காணாத மரம்

மலேசியத் தமிழ்ப் புனைவிலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகும் எவரும் இரப்பர் மரத்தைத் தொடாமல் மேற்செல்ல இயலாது. அதற்குப் 'பால்மரம்' என்று பெயரிட்ட அன்றே நம் முன்னோர் அதனைத் தம் உறவுமுறைக்குள் கொண்டுவந்துவிட்டனர். வெட்டினால் வெண்பால் வடிக்கும் மரம் தாயாயிற்று. வடிந்த பால் சில கதைகளில் கண்ணீராயிற்று, சிலவற்றில் உதிரமாயிற்று. தமிழகத்திலிருந்து வந்து இந்நாட்டைக் கண்டு சென்ற அகிலன் தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். உளி, மங்கு, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு முதலான வேலைக்காட்டுச் சொற்கள் சிறுகதைகளின் வழியே இலக்கியச் சொற்களாகிவிட்டன. தோட்டத்தைக் கண்ணால் கண்டிராத நகர்ப்புற மாணவரும் 'நான் ஓர் இரப்பர் மரம்' என்று தன்கதைக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றுவிடுகின்றார்.

அம்மாணவர் விடுமுறைக்கு நெடுஞ்சாலையில் செல்லும்போது வண்டியின் சன்னலுக்கு வெளியே மணிக்கணக்காகக் காண்பதோ வேறொரு மரம். 1960 ஆம் ஆண்டில் இந்நாட்டில் செம்பனை பயிரிடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 55,000 ஹெக்டர். 1980 இல் அது பத்து இலட்சம் ஹெக்டரை எட்டியது. 2023 இல் 56 இலட்சம் ஹெக்டரைத் தாண்டி நின்றது. நாட்டின் மொத்த நிலப்பரப்பில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஐம்பது ரிங்கிட் தாளின் பின்புறத்திலும் செம்பனையே நிற்கின்றது. நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கும் இம்மரம் நம் கதைகளில் எங்கே நிற்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினா.

செம்பனை நம் கதைகளில் இடம்பெறவே இல்லை என்று நாம் கூறவில்லை. வருகின்றது, ஆயின் பெரும்பாலும் முடிவுரையாகவே வருகின்றது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போகின்றார்கள் என்ற செய்தி தோட்டத்திற்கு வந்தவுடன் கதை முடிந்துவிடும். மூட்டை கட்டும் குடும்பம், பூட்டப்படும் கோயில், திரும்பிப் பார்க்கும் முதியவர் ஆகிய மூன்று காட்சிகளுக்குப் பிறகு அந்நிலத்தில் நடந்ததைச் சொல்ல நம் கதைசொல்லிகளில் மிகச் சிலரே அங்குத் தங்கினர்.

தென்னமரத் தோட்டம்

செம்பனை இம்மண்ணின் மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848 இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி பகுதிக்கும், பின்னர் அங்கிருந்து மலாயாவுக்கும் வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் சாலையோர அழகுமரமாகவே இருந்த இதனை 1917 இல் வாணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டு இந்நாளில் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரின் அருகே இருந்த ஒரு தோட்டமாகும். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம்.

இப்பெயரில் சற்றே நின்று செல்லுதல் தகும். இந்நாட்டின் செம்பனை வரலாறு ஒரு தமிழ்ச் சொல்லில் தொடங்குகின்றது. அச்சொல்லோ வேறொரு மரத்தின் பெயர். தோட்டப் பாட்டாளி நாவில் வழங்கிய 'தென்னமரம்' ஆங்கில எழுத்தேறி, தோட்டக் கணக்கேடுகளிலும் வேளாண் வரலாற்று நூல்களிலும் நிலைத்துவிட்டது. அத்தோட்டத்தில் செம்பனை நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905 இல் மலாயாவுக்கு வந்தவர். இவர் வெறும் தோட்டத் துரையல்லர். 1930 இல் 'மலேசி' என்ற நாவலை எழுதிப் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கொன்கூர் பரிசைப் பெற்றார். அந்நாவலில் தமிழ்த் தொழிலாளர் வருகின்றனர். ஆயினும் அதன் களம் இரப்பர்த் தோட்டமே. செம்பனைக்கு இந்நாட்டில் முதல் குழி தோண்டியவர்க்கும், எழுதுகோலை எடுத்தபோது இரப்பர்த் தோட்டமே கதையாக அமைந்தது.

இதனை வெறும் தற்செயல் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. கதைக்கு இடம்கொடுக்கும் மரம் ஒன்று, கொடுக்க மறுக்கும் மரம் மற்றொன்று என்னும் வேறுபாடு அவற்றின் வேலைமுறையிலேயே உள்ளது.

இரு மரங்களின் வேலை

பால்வெட்டு ஒரு தனி மனிதருக்கும் அவர் நிரையில் நிற்கும் சில நூறு மரங்களுக்கும் இடையே நாள்தோறும் நிகழும் தொடர்பு. வெயில் ஏறுவதற்குமுன் வெட்டி முடிக்க வேண்டும் என்பதால் வேலை விடியலுக்கு முன்னரே தொடங்கும்; பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்தால் நண்பகலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பிற்பகல் தொழிலாளிக்கு உரியது. கூலி அற்பமே; மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆயினும் அந்தப் பிற்பகலில்தான் நம் தோட்டப் பண்பாடு முழுவதும் முளைத்தது. இரவுப் பள்ளி, படிப்பகம், நாடக ஒத்திகை, மணிமன்றம், தேவார வகுப்பு, பந்து விளையாட்டு ஆகியவற்றுக்கெல்லாம் நேரம் கொடுத்தது பால்வெட்டின் நேர அமைப்பே. ஆட்களைக் கொடுத்ததும் அதுவே. இரப்பருக்குச் சில ஹெக்டருக்கு ஓர் ஆள் தேவை. ஆகவே லயங்கள் நிறைந்திருந்தன. லயங்கள் நிறைந்தமையால் பள்ளி நிரம்பியது. பள்ளி நிரம்பியதால் ஆசிரியர் வந்தார். வந்த ஆசிரியர் கதை எழுதினார். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை.

செம்பனையின் கணக்கு வேறு. வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டு செல்லாவிடின் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே தோட்டம் ஆலையின் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டது. ஆலையோ தன்னைச் சுற்றிப் பல்லாயிரம் ஏக்கர் தொடர்ச்சியான நிலத்தை வேண்டுவது. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, இருபது கிலோவுக்கு மேலும் எடை வரக்கூடிய முட்குலையை அறுத்துத் தள்ளுவது ஆண்களின் உடல்வலுவைக் கேட்கும் வேலை. குடும்பமாக நிரை பிடித்து வெட்டிய முறைக்கு அங்கு இடமில்லை. ஒரே பரப்புக்கு இரப்பர் வேண்டிய ஆட்களில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். பாதி ஆள் போதும் என்றால் பாதி லயம் போதும். பாதி லயத்துப் பிள்ளைகளைக் கொண்டு பள்ளி நடக்காது. தோட்டத்தை எவரும் மூட ஆணையிட வேண்டியதில்லை; மரத்தை மாற்றினால் போதும்.

விடுதலை பெற்ற 1957 ஆம் ஆண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 ஐ ஒட்டியே உள்ளன. இதற்குச் செம்பனையை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடல், 1969 முதல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி முறையால் குடியுரிமையற்றோர் வேலையிழந்தமை, 1980களுக்குப் பின் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டமை எல்லாம் சேர்ந்தே இவ்வீழ்ச்சி நிகழ்ந்தது. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது நாமறிந்ததே. ஆயினும் துண்டாடலைப் பேசும் நம் எழுத்து, அதன்பின் அமைதியாக நடந்த பயிர்மாற்றத்தைப் பேசுவதில்லை. துண்டாடலில் ஒரு வில்லன் இருந்தான். நிலத்தை விற்ற துரையும் வாங்கிய தரகனும் முகமுடையவர்கள். பயிர்மாற்றத்தில் முகமில்லை. அதே நிறுவனம், அதே நிலம், அதே மேலாளர். மரம் மட்டும் வேறு. செயற்கை இரப்பரால் விலை சரிந்ததும் செம்பனை எண்ணெய்க்கு உலகச் சந்தை விரிந்ததும் இதன் காரணங்கள். உலகச் சந்தையைப் பாத்திரமாக்க நம் சிறுகதைக்குப் பயிற்சி போதவில்லை.

1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர் மூன்று இலட்சம் பேருக்குமேல் என ஆய்வாளர் மதிப்பிடுவர். இவர்கள் சென்று சேர்ந்த புறம்போக்குக் குடியிருப்புகளையும் அடுக்குமாடி வீடுகளையும் நம் அண்மைக்காலப் புனைவு நன்றாகவே எழுதியுள்ளது. புத்ராஜெயா எழுந்த நிலம் பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் நிலம். அங்கிருந்தோர் டெங்கிலில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டதும், அக்கட்டடங்கள் விரைவிலேயே விரிசல் கண்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் நம் இலக்கியத்தில் உள்ளன. இடையில் நின்ற மரந்தான் இல்லை.

மகரந்தம் ஊதிய பெண்களும் மருந்தடித்த பெண்களும்

செம்பனைத் தோட்டத்தில் தமிழர் வாழ்வே இருந்ததில்லை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 1981 ஆம் ஆண்டுக்கு முன் மலேசியச் செம்பனையில் போதிய அளவு காய் பிடிக்க மனிதக் கை வேண்டியிருந்தது. ஆண்பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, முகப்பூச்சு மாவு போன்ற தூளுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூவின்மீது ஊதுவார்கள். இவ்வேலையில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டனர். பின்னர் ஆப்பிரிக்காவில் இம்மரத்தின் மகரந்தச் சேர்க்கையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்பது உறுதியாயிற்று. கேமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டு கொண்டுவரப்பட்டு 1981 இல் தோட்டங்களில் விடப்பட்டது. சில மாதங்களில் அது எங்கும் பரவியது, விளைச்சல் உயர்ந்தது, ஊதும் வேலை ஒழிந்தது.

தொழில்துறை வரலாறு இதனை ஒரு மாபெரும் வெற்றியாகப் பதிவு செய்துள்ளது. அப்பதிவில் குறையில்லை. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வண்டு வந்து தன் கூலியை எடுத்துக்கொண்டு போன கதையை ஒரு தமிழ்ப் பெண் எவ்வாறு சொல்லியிருப்பாள்? நாம் படித்த வரையில் அக்கதை எழுதப்படவில்லை. நாடகத்திற்கும் நகைச்சுவைக்கும் துயரத்திற்கும் ஒருங்கே இடம் தரும் இப்பொருளை விட்டுவிட்டு, நூறாவது முறையாகப் பால்வாளி சுமந்தோம் என்பதே நம் மனக்குறை.

ஊதும் வேலை போன பின் பெண்களுக்கு எஞ்சியவை உதிரிப்பழம் பொறுக்குதலும் உரமிடுதலும் மருந்தடித்தலும். கொள்கலனை முதுகில் சுமந்து களைக்கொல்லி தெளிக்கும் வேலை இது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி அங்குப் பரவலாகப் பயன்பட்டது. ஒரு வாய் விழுங்கினாலே உயிரைப் பறிக்கவல்ல, முறிமருந்தற்ற நஞ்சு. தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களின் மூக்கில் குருதி வடிதல், நகம் நிறம் மாறுதல், தோல் புண்ணாதல், கண் எரிதல் முதலியவற்றைப் பதிவு செய்தது. அவ்வாண்டே அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006 இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 சனவரி முதல் நாளன்று. இடையில் கழிந்தவை 17 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் மருந்தடித்த பெண்ணின் நகத்தைப் பற்றி ஆர்வலர் அறிக்கையிலிருந்து நாம் அறிகின்றோம். நம் சிறுகதைகளிலிருந்து அறியவில்லை. பால் வெட்டும் பெண்ணுக்கு ஓர் அழகியல் அமைந்திருந்தது. விடியல், பனி, நெற்றி விளக்கு, கொண்டையில் கட்டிய துணி. மருந்தடிக்கும் பெண்ணின் முகமோ துணியால் மூடப்பட்டிருந்தது. இலக்கியம் மூடிய முகத்தை விலக்கிப் பார்க்கத் தயங்கியது.

காடழித்த பெருமை

சுற்றுச்சூழல் என்னும் பொருளுக்கு வரும்போது நமக்குள் ஒரு தர்மசங்கடம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'காட்டை அழித்து நாட்டை உருவாக்கினோம்' என்பது இந்நாட்டுத் தமிழ் மேடைகளில் தலைமுறை தலைமுறையாக முழங்கிவரும் உரிமைக் குரல். நாம் இங்கு வந்தேறிகள் அல்லர், உழைத்து இடம் பிடித்தவர்கள் என்பதற்கு நாம் காட்டும் சான்று வெட்டிய காடே. பாம்புக்கும் மலேரியாவுக்கும் பலியானோரின் நினைவு அதில் உண்டு. ஆகவே அக்குரலை எள்ளுவது நம் நோக்கமன்று. ஆனால் உரிமையைக் காடழிப்பின்மீது நாட்டிய சமூகம், காடழிப்பைக் குற்றமென்று எழுதத் தொடங்கினால் தன் காலடி மண்ணையே தோண்ட நேரிடும். செம்பனையைப் பற்றிய நம் மௌனத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகின்றோம். இரப்பரும் ஒரு நாள் காட்டை விழுங்கி வந்த அயல் மரமே. அதனைத் தாயாக்கிவிட்டோம், ஆகவே அதன் தங்கையைக் குற்றம் சாட்ட நமக்கு வாயெழவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தீபகற்பத்தின் மேற்குக் கரைத் தோட்டங்களில் செம்பனை பெரும்பாலும் இரப்பர் நின்ற நிலத்திலேயே நடப்பட்டது. அங்கு அது அழித்தது காட்டையன்று, குடியிருப்பை. பகாங், ஜொகூர் நிலத்திட்டங்களிலும், பின்னர் சபா, சரவாக்கிலும் அது அழித்தது காட்டை. சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 2005 இல் வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 26,000 ஹெக்டர் நிலம் ஒரே காடாக இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றது. ஓராங் ஊத்தானும் யானையும் ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டிற்குச் செல்லத் தோட்டத்தைக் கடக்க வேண்டும். ஒரே மரம் ஒரு கரையில் மனிதரையும் மறு கரையில் விலங்கையும் இடம்பெயர்த்தது. இவ்விரண்டையும் ஒரே பார்வையில் காணும் எழுத்து நம்மிடம் உருவாகவில்லை. 'துண்டாடல்' என்ற சொல்லை நமக்கு அறிமுகப்படுத்தியது தோட்டம். அச்சொல்லைக் காட்டுக்கும் பொருத்திப் பார்க்க நாம் முயலவில்லை.

ஆற்றைப் பற்றியும் ஒரு சொல். 1970களில் நாட்டின் ஆறுகளை மிக மோசமாகக் கெடுத்தவற்றுள் செம்பனை ஆலைக் கழிவுநீர் முதன்மையானது. 1974 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977 இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிமுறைகள் பிறந்ததே நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டும். புகைமூட்டமோ இன்னும் அண்மையது. 1997, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் சுமத்ரா, கலிமந்தான் கரிமண் சதுப்புகள் எரிந்த புகை நம் பள்ளிகளை மூடியது. 2013 சூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. சதுப்பை வடித்துக் காயவைத்துச் செம்பனையும் காகித மரமும் நட்டதன் பின்விளைவு அது. முகக்கவசம் அணிந்து வகுப்பெடுத்த ஆசிரியர்கள் இவ்விதழின் வாசகர்களிடையே பலர் இருப்பர்.

மறுபக்கமும் உண்டு. ஒரு ஹெக்டர் நிலத்தில் சோயாவைவிடப் பல மடங்கு எண்ணெய் தருவது செம்பனை. அதனை ஒழித்து வேறு எண்ணெய்ப் பயிரை வைத்தால் அழியும் நிலம் கூடுமேயன்றிக் குறையாது. பெல்டா குடியேற்றத் திட்டங்களால் நிலமற்ற பல்லாயிரம் கிராமத்துக் குடும்பங்கள் நிலம் பெற்றதும் உண்மை. அக்குடும்பங்களில் தமிழர் மிகக் குறைவு என்பது வேறு வரலாறு.

புனைவில் ஒரு விதிவிலக்கு

கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' 2013 இல் வெளிவந்தது. பகாங் மாநிலத்து நிலத்திட்டம் ஒன்றில் குத்தகையாளரின் பிடியில் சிக்கிக் கொத்தடிமைகளாக உழன்ற தமிழ்த் தொழிலாளர்களை அந்நாவல் பேசுகின்றது. அவர்கள் பழைய தோட்டத்தின் பாதுகாப்பு வளையத்திலிருந்து பிடுங்கப்பட்டவர்கள். நாவலின் கட்டமைப்பைப் பற்றி மாற்றுக் கருத்துகள் இருக்கலாம். ஆயினும் பால்மரத் தோட்டம் முடிந்த இடத்தில் தன் கதையைத் தொடங்கத் துணிந்தது என்னும் ஒரு காரணத்திற்காகவே அது நம் ஆய்வேடுகளில் இன்னும் கூடுதலான இடம் பெற்றிருக்க வேண்டும். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்தை இலட்சியக் கண்ணாடியின்றிக் காட்டியது. அதனை முன்னோடியாகக் கொள்ளலாம். பழைய தோட்டம் சொர்க்கமாக இருந்ததில்லை, கள்ளும் கடனும் கங்காணியும் அங்குண்டு என்பதை அறிந்த எழுத்தாளர்க்கே அதன்பின் வந்ததையும் மிகையின்றி எழுத முடியும்.

குறை எழுத்தாளரிடம் மட்டும் இல்லை. 'தோட்டப்புற இலக்கியம்' என்ற பகுப்பை உருவாக்கி, அதற்குள் இரப்பரை மட்டும் வைத்துப் பூட்டியவர்கள் திறனாய்வாளர்களாகிய நாமே. தலைப்பில் பால்மரம் இருந்தால் ஆய்வுக்குத் தகுதி என்ற எழுதாத விதி நம் துறைகளில் நிலவியது. நம் மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளைத் திரும்பிப் பார்க்கும்போது நமக்கே வெட்கமாக உள்ளது.

நம் மரபில் இதற்குரிய கருவி இல்லாமலில்லை. நிலத்தை முதற்பொருளாகவும், அதில் வாழும் தெய்வம், மரம், பறவை, விலங்கு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாகவும், அந்நிலத்துக்குரிய மனநிலையை உரிப்பொருளாகவும் கண்ட திணைக் கோட்பாட்டைச் செம்பனைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது; வண்டும் அங்கிருந்தே வந்தது. தெய்வம் மாரியம்மனும் முனியாண்டியும். ஆயின் வழிபடுவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து மகிழுந்தில் வருவோர். பறவை கூகை. பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்கக் கம்பத்தின்மீது மரப்பெட்டி வைத்துக் கூகைகளைத் தோட்ட நிர்வாகமே குடியமர்த்துகின்றது. சங்கப் பாடல்களில் சுடுகாட்டோடு சேர்த்துப் பேசப்படும் பறவை இங்கே மாதச் சம்பளமில்லாத ஊழியர். தொழில் குலை வெட்டுதல். தொழிலாளர் இந்தோனேசியர், வங்காளதேசத்தினர், நேபாளியர். உரிப்பொருள் யாது? குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெடும்போது பாலை பிறக்கும் என்று இளங்கோவடிகள் கண்டார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. மழை குறையாமல் பெய்து, ஆண்டு முழுதும் பச்சையாய் நிற்கும் ஒரு பாலையைப் பழம்புலவர் கண்டிருக்க வாய்ப்பில்லை. நம் காலத்துத் திணை அதுவே.

லயத்தில் இன்று இருப்பவர்

அத்திணையின் மாந்தர் யார் என்பதில்தான் நம் இலக்கியத்தின் நேர்மை சோதிக்கப்படுகின்றது. நாம் விட்டு வந்த லயங்கள் காலியாக இல்லை. 1980களிலிருந்து அவ்விடத்திற்குக் குத்தகை முறையில் வந்த அயல்நாட்டார் இன்று தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையினர். முகவருக்குக் கொடுத்த கடன், முதலாளி வைத்திருக்கும் கடப்பிதழ், வெளியேற முடியாத தனிமை என அவர்கள் சொல்லும் முறையீடுகள் கங்காணிக் காலத்துத் தமிழனின் முறையீடுகளிலிருந்து மிகத் தொலைவில் இல்லை. 2020 இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன என்று கூறி மலேசியாவின் இரு பெரும் நிறுவனங்களின் செம்பனை எண்ணெய் தன் நாட்டிற்குள் வருவதைத் தடுத்தது. 'நாங்கள் பட்ட துன்பம்' என்று நூறாண்டு எழுதிய மொழியில், அதே லயத்தில் அதே துன்பத்தைப் படும் இன்னொருவரைப் பற்றி எத்தனை கதைகள் உள்ளன? பால்மரம் நம் இனத்தின் துயரத்துக்கு மட்டும் குறியீடாக நின்றுவிட்டால், அது இலக்கியத்திலிருந்து குடிபெயர்ந்து சாதிச் சான்றிதழ் போன்ற ஓர் ஆவணமாகிவிடும் என்ற அச்சம் நமக்கு உண்டு.

காலமும் அதிகமில்லை. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் முதுமையடையும். பிறகு அதனைச் சாய்த்துச் சீவி அதே மண்ணில் உரமாக்கிப் புதுக்கன்று நடுவார்கள். நம்மவர் மூட்டை கட்டிய நாளில் நடப்பட்ட மரங்கள் இன்று இல்லை. அவற்றின் அடுத்த தலைமுறையே பல இடங்களில் முதிர்ந்துவிட்டது. 1981க்கு முன் மகரந்தம் ஊதிய பெண்களில் இளையோருக்கும் இன்று அறுபது வயதைக் கடந்திருக்கும். பால்வெட்டின் சொற்களை நம் சிறுகதைகள் காத்துவைத்தன. செம்பனை வேலையின் தமிழ்ச் சொற்களை எவரும் தொகுக்கவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களின் பாட்டிமாரிடம் ஒரு குறிப்பேட்டோடு சென்று அமர்ந்தால், முதலில் கேட்க வேண்டிய வினா எளியதே: மாவோடு கலந்த மகரந்தத்தைப் பூவின்மேல் ஊதிய அந்தக் கருவியை, அம்மா, நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்?